விசுவாசமா, கிரியையா? இரட்சிப்பைப் பற்றிய ஒரு பழைய விவாதம், புதிதாகக் கேட்பவர்களுக்காக

இயேசுவை நம்பினால் போதுமா, நல்லதும் செய்தாக வேண்டுமா? கிறிஸ்தவத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கத் தொடங்கும் யாரும், எந்த மதத்தில் பிறந்தவராக இருந்தாலும், சீக்கிரமே இந்தக் கேள்வியில் வந்து நிற்பார். வாழ்நாள் முழுக்க ஊரை ஏமாற்றியவன் சாகும் நேரத்தில் மனந்திரும்பினால் அவனுக்கு மோட்சம், யாருக்கும் தீங்கு நினைக்காமல் வாழ்ந்த பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை கந்துவட்டி வசூலிக்கக் கிளம்புகிறவரைப் பார்த்து, இவருடைய விசுவாசத்துக்கு என்னதான் அர்த்தம் என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். பதினாறாம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவின் திருச்சபை இரண்டாக உடைந்தபோது அதன் நடுவில் இருந்ததும் இதே விஷயம்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. "கத்தோலிக்கர்கள் நல்ல காரியம் செய்து மோட்சத்தைச் சம்பாதிக்கலாம் என்கிறார்கள், புராட்டஸ்டன்ட்டுகள் நம்பிவிட்டால் எப்படி வேண்டுமானாலும் வாழலாம் என்கிறார்கள்" என்று பலர் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் தவறு. கத்தோலிக்கத் திருச்சபை அப்படிப் போதிப்பதில்லை, புராட்டஸ்டன்ட் இயக்கத்தைத் தொடங்கிவைத்த லூதரும் அப்படிச் சொன்னதில்லை. மனிதன் தன் முயற்சியால் கடவுளிடமிருந்து இரட்சிப்பை விலைக்கு வாங்க முடியாது என்பதில் இரு தரப்பும் ஒன்றுதான். சண்டை அதற்கு அடுத்த படியில் வருகிறது: கடவுள் இலவசமாகத் தருவதை மனிதன் எப்படிப் பெற்றுக்கொள்கிறான், பெற்றுக்கொண்ட பிறகு அவன் செய்யும் நன்மைகளுக்கு அந்த இரட்சிப்பில் என்ன இடம்?

சில சொற்களைப் பார்த்துவிடலாம். இரட்சிப்பு என்றால் பாவத்திலிருந்தும் அதன் முடிவான மரணத்திலிருந்தும் கடவுள் மனிதனை விடுவித்துத் தம்மோடு சேர்த்துக்கொள்வது. கத்தோலிக்கர்கள் மீட்பு என்பார்கள். கிருபை, அதாவது அருள், தகுதி பார்க்காமல் கடவுள் காட்டும் தயவு. விசுவாசம் என்பது நம்பிக்கை. கடவுள் உண்டு என்று ஒப்புக்கொள்வதோடு அவரிடம் தன்னையே ஒப்படைப்பதும் அதில் அடங்கும். கிரியை என்றால் செயல். அப்புறம் முக்கியமான ஒன்று, நீதிமானாக்கப்படுதல்: பாவியான ஒருவன் கடவுளுக்கு முன்னால் நீதிமானாக, அவருக்கு ஏற்புடையவனாக நிற்கும் நிலைக்கு வருவது. இந்தக் கடைசிச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிற எல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதல் நூற்றாண்டில் இயேசுவின் செய்தியை யூதர் அல்லாத மக்களிடம் கொண்டுபோன அப்போஸ்தலர் பவுலிடமிருந்து தொடங்குவோம். இன்றைய துருக்கிக்குள் இருக்கும் கலாத்தியா பகுதியின் சபைகளுக்கு அவர் எழுதிய கடிதம் கோபத்தோடு எழுதப்பட்டது. வழக்கமான நன்றி வார்த்தைகள்கூட இல்லாமல் நேராகச் சண்டைக்குள் போகிறது. யூதர் அல்லாத மக்கள் அங்கே இயேசுவை ஏற்றுக்கொண்டு சபைக்குள் வந்திருந்தார்கள். பின்னாலேயே வந்த சில போதகர்கள், இயேசுவை நம்புவதெல்லாம் சரி, ஆனால் நீங்கள் விருத்தசேதனம் (ஆண்களின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) செய்துகொண்டு மோசேயின் சட்டத்தையும் கைக்கொண்டால்தான் கடவுளுடைய மக்களாக முடியும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பவுலுக்கு இது தாங்கவில்லை. அந்தியோகியா நகரத்தில் நடந்த ஒரு சம்பவத்தை அவர் அங்கே நினைவுகூர்கிறார். இயேசுவின் முதன்மைச் சீடரான பேதுரு யூதர் அல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். மற்ற யூதக் கிறிஸ்தவர்களும் அவரைப் பார்த்து விலகினார்கள். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேராகக் கண்டித்தார்.

அந்தச் சம்பவத்தைச் சொல்லி முடித்த கையோடுதான், சட்டத்தின் கிரியைகளினால் யாரும் நீதிமானாக்கப்படுவதில்லை, இயேசு கிறிஸ்துவைப் பற்றும் விசுவாசத்தினால்தான் என்ற புகழ்பெற்ற வாக்கியம் வருகிறது (கலாத்தியர் 2:16). அதாவது யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்வியிலிருந்து பிறந்த வாக்கியம் அது. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஏழைக்குச் சோறு போடாதே என்றோ நேர்மையாக இருக்க வேண்டியதில்லை என்றோ பவுல் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கடவுளுடைய பந்தியில் உட்கார கிறிஸ்துவைத் தவிர வேறு தகுதிச் சான்றிதழ் கேட்காதே என்கிறார். ஏழைகளை மறந்துவிடாதே என்று எருசலேம் தலைவர்கள் தன்னிடம் கேட்டுக்கொண்டதையும், தனக்கே அதில் கருத்து இருந்ததையும் அதே அதிகாரத்தில் சில வரிகளுக்கு முன்னால் சொல்கிறார். எருசலேமின் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் அவர் காசு திரட்டிய கதையை அவருடைய மற்றக் கடிதங்களில் படிக்கலாம்.

ரோமருக்கு எழுதிய கடிதத்தில் இதையே நிதானமாக, ஒரு வாதமாக விரிக்கிறார். எல்லாரும் பாவம் செய்தவர்கள், சட்டத்தைக் கையில் வைத்திருந்த யூதரும் சரி, வைத்திராத மற்றவர்களும் சரி. ஆகவே நீதிமானாக நிற்பதற்குக் கிரியை யாருக்கும் உதவாது, விசுவாசம்தான். சாட்சிக்கு யூதர்களின் மூதாதையான ஆபிரகாமை அழைக்கிறார். "அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்" என்று ஆதியாகமம் 15:6 சொல்கிறது. ஆபிரகாம் விருத்தசேதனம் செய்துகொண்டது 17-ஆம் அதிகாரத்தில்தான். அப்படியென்றால் கடவுள் அவனை ஏற்றுக்கொண்டபோது அவனிடம் காட்டுவதற்கு எந்த அடையாளமும் இல்லை, நம்பிக்கை மட்டும்தான் இருந்தது என்கிறார் பவுல். இந்த வாதம் எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது, அதிகாரங்களின் வரிசையை வைத்தே முடித்துவிடுகிறார்.

இப்போது யாக்கோபின் கடிதத்துக்கு வாருங்கள். எருசலேம் சபைத் தலைவரும் இயேசுவின் சகோதரருமான யாக்கோபு எழுதியது என்பது மரபு. இரண்டாம் அதிகாரம் ஒரு காட்சியோடு ஆரம்பிக்கிறது. தங்க மோதிரம் போட்ட ஒருவன் கூட்டத்துக்குள் வருகிறான், அழுக்குத் துணி உடுத்திய ஏழை ஒருவனும் வருகிறான். மோதிரக்காரனுக்கு நல்ல இடம், ஏழையைப் பார்த்து "நீ அங்கே நில்லு, இல்லையென்றால் என் காலடியில் உட்கார்." யாக்கோபு கொதிக்கிறார். அங்கிருந்து, சாப்பாடும் துணியும் இல்லாத சகோதரனையோ சகோதரியையோ பார்த்து, "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறவனிடம் போகிறார். அதனால் பிரயோஜனம் என்ன? இப்படிப்பட்ட விசுவாசம் செத்தது. கடவுள் ஒருவர் என்று நீ நம்புகிறாயா, நல்லது, பிசாசுகளும்தான் நம்புகின்றன, நம்பி நடுங்குகின்றன. இந்த வரியைப் படித்துவிட்டு எந்த விசுவாசியும் சௌகரியமாக உட்கார முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

அதன்பின் பிரச்சினைக்குரிய வசனம்: "மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்" (யாக்கோபு 2:24). பவுல் சொன்னதற்கு நேர் எதிர் போல இருக்கிறது அல்லவா? இவர் அழைக்கும் சாட்சியும் அதே ஆபிரகாம், மேற்கோள் காட்டும் வசனமும் அதே ஆதியாகமம் 15:6! ஆனால் யாக்கோபு அந்த வசனத்தை 22-ஆம் அதிகாரத்தோடு சேர்த்துப் படிக்கிறார். மகன் ஈசாக்கைப் பலியிட ஆபிரகாம் மலையேறிப் போனானே, அந்தக் கிரியையில்தான் அவனுடைய விசுவாசம் முழுமையடைந்தது என்கிறார்.

இரண்டையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது? கிரியை, விசுவாசம், நீதிமானாக்கப்படுதல் என்ற மூன்று சொற்களிலும் இருவரும் வேறு வேறு பொருள்களைக் கையாள்கிறார்கள் என்பது பொதுவான பதில், எனக்கும் அது பெரும்பாலும் சரி என்றே படுகிறது. பவுல் மறுக்கும் கிரியை, கடவுளிடம் நுழைவுச்சீட்டாகக் காட்டப்படும் சட்டக் கிரியை. யாக்கோபு கேட்கும் கிரியை, பசித்தவனுக்குச் சோறு. பவுலின் விசுவாசம் முழு ஆளையும் ஒப்படைப்பது. யாக்கோபு செத்தது என்று சொல்லும் விசுவாசம் பிசாசுக்கும் உள்ள வெறும் ஒப்புதல். பவுல் பேசுவது ஆபிரகாம் ஏற்றுக்கொள்ளப்பட்ட நாளைப் பற்றி. யாக்கோபு பேசுவது அந்த ஏற்பு பல ஆண்டுகள் கழித்து வெளியே தெரிந்த நாளைப் பற்றி. ஆனால் இப்படி எல்லாவற்றையும் அழகாகப் பொருத்திவிட்டு நகர்ந்துவிடுவதும் சரியல்ல. பவுலின் போதனையை, அல்லது அதைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு "எங்களுக்கு விசுவாசம் போதும்" என்று சொல்லித் திரிந்தவர்களை, யாக்கோபு தெரிந்தே எதிர்க்கிறார் என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது பின்னது. பவுலையே அப்படித் தப்பாகப் பிடித்துக்கொண்டவர்கள் இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ரோமர் 6-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா?" என்ற கேள்வியை அவரே எழுப்பி "கூடாதே" என்று பதில் சொல்லியிருக்க மாட்டார்.

இயேசுவின் வார்த்தைகளிலும் இரண்டும் இருக்கின்றன. மத்தேயு 25-இல் கடைசித் தீர்ப்பின்போது அரசர் கேட்பது பசித்தவனுக்கு உணவு கொடுத்தாயா, சிறையில் இருந்தவனைப் போய்ப் பார்த்தாயா என்பதைத்தான், நீ என்ன நம்பினாய் என்று ஒரு கேள்விகூட இல்லை. லூக்கா 18-இலோ, வாரம் இரண்டு முறை உபவாசம் இருந்து தசமபாகமும் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) ஒழுங்காகச் செலுத்திய பரிசேயன், அதாவது சட்டத்தில் கண்டிப்பான யூதப் பிரிவைச் சேர்ந்தவன், வெறுமையாகத் திரும்புகிறான், மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்ட வரிவசூலிப்பவன் நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போகிறான். சிலுவையில் இயேசுவின் பக்கத்தில் தொங்கிய குற்றவாளிக்கு ஒரு நல்ல காரியம் செய்யக்கூட நேரமில்லை, அவனுக்கும் அன்றைக்கே பரதீசு.

அடுத்து ஐந்தாம் நூற்றாண்டு, சுருக்கமாக. பெலாஜியுஸ் என்ற துறவி, மனிதன் நினைத்தால் கடவுளுடைய கட்டளைகளைக் கைக்கொள்ள முடியும், முடியாததைக் கடவுள் கட்டளையிட மாட்டார் என்ற திசையில் போதித்தார். வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகுஸ்தீனார் கடுமையாக மறுத்தார்: மனிதனுடைய விருப்பமே பழுதாகிவிட்டது, நல்லதை விரும்புவதற்கே கிருபை வேண்டும். 418-இல் ஆயர்கள் கூடிய கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுஸின் போதனையைக் கண்டித்தது, 529-இல் ஆரஞ்சு நகரத்தில் கூடிய சங்கம் கிருபைதான் முதலில் வருகிறது என்பதை மறுபடியும் உறுதிப்படுத்தியது. ஆக, "சொந்த முயற்சியால் இரட்சிப்பு" என்ற கொள்கை லூதருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே திருச்சபையால் தள்ளப்பட்டுவிட்டது.

அப்படியிருந்தும் லூதர் ஏன் வெடித்தார்? மார்ட்டின் லூதர் 1505-இல் எர்ஃபுர்ட்டில் அகுஸ்தீனார் சபைத் துறவியாகச் சேர்ந்தவர். அவர் படித்த இறையியலில் ஒரு கருத்து இருந்தது: உன்னால் முடிந்ததை நீ செய், அப்படிச் செய்கிறவனுக்குக் கடவுள் கிருபையை மறுக்க மாட்டார். கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் மனசாட்சி கூர்மையான ஒருவனுக்கு இது நரகம், ஏனென்றால் என்னால் முடிந்ததை நான் செய்துவிட்டேன் என்று எப்போது சொல்ல முடியும்? லூதர் உபவாசம் இருந்தார், விழித்திருந்து ஜெபித்தார், மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்தார், வெளியே வந்ததும் விட்டுப்போன பாவம் ஒன்று ஞாபகத்துக்கு வரும். 'கடவுளின் நீதி' என்ற சொல்லையே தான் வெறுத்ததாகவும், ரோமர் 1:17-ஐ இரவும் பகலும் யோசித்தபோது, அது கடவுள் தண்டிக்கப் பயன்படுத்தும் நீதி அல்ல, விசுவாசிக்கிறவனுக்குப் பரிசாகக் கொடுக்கும் நீதி என்று புரிந்ததாகவும் முதிய வயதில், 1545-இல், எழுதினார். திறந்த கதவுகள் வழியாகப் பரதீசுக்குள் நுழைந்தது போல இருந்ததாம்.

வெளியே வெடித்தது பாவமன்னிப்புச் சீட்டு விவகாரத்தில். மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் பல பதவிகளை ஒன்றாக வைத்துக்கொள்வதற்காக ரோமுக்குச் செலுத்த வேண்டிய பணத்தை ஃபுக்கர் வங்கிக் குடும்பத்திடம் கடன் வாங்கியிருந்தார். அந்தக் கடனை அடைக்கவும் ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டவும் சீட்டு விற்பனை நடந்தது, ஊர் ஊராகப் போய் விற்றவர் ஜோஹான் டெட்செல். திருச்சபையின் போதனைப்படி அந்தச் சீட்டு பாவத்தை மன்னிப்பது கிடையாது, மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மீதமிருக்கும் தற்காலிகத் தண்டனையைத்தான் குறைக்கும். சந்தையில் அது எப்படிக் காதில் விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1517 அக்டோபர் 31 தேதியிட்டு லூதர் 95 கருத்துரைகளை வெளியிட்டார். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: 'விசுவாசத்தினால் மட்டும்' என்ற முழக்கம் அந்த 95-இல் இல்லை. 43-ஆவது கருத்துரை என்ன சொல்கிறது தெரியுமா? சீட்டு வாங்குவதைவிட ஏழைக்குக் கொடுப்பதும் தேவையில் இருப்பவனுக்குக் கடன் கொடுப்பதும் மேலான செயல் என்கிறது. நற்கிரியைகளின் எதிரி என்று பெயர் வாங்கிய மனிதர் தொடங்கியதே இப்படித்தான்.

1520-இல் அவருடைய போதனை முழு வடிவத்துக்கு வந்துவிட்டது. விசுவாசம் ஆத்துமாவைக் கிறிஸ்துவோடு மணமகளைப் போல இணைக்கிறது, அவளுடைய கடனும் பாவமும் அவருடையதாகிறது, அவருடைய நீதி அவளுடையதாகிறது. அதற்குப் பிறகு நற்கிரியை எதற்கு? அடுத்திருப்பவனுக்காக. மோட்சக் கணக்கில் வரவு வைப்பதற்காக ஏழைக்குக் கொடுத்தால் நீ அந்த ஏழையைப் பயன்படுத்திக்கொள்கிறாய். உன் கணக்கு ஏற்கெனவே தீர்ந்துவிட்டதென்றால் அவனுக்கு என்ன தேவை என்று மட்டும் பார்த்துக் கொடுக்கலாம். இந்தத் திருப்பம்தான் லூதரிடம் எனக்கு மிகவும் பிடித்தது. இது வெறும் பேச்சாகவும் நிற்கவில்லை, 1523-இல் லைஸ்னிக் என்ற சிற்றூர் திருச்சபைச் சொத்துகளைச் சேர்த்து ஏழைகளுக்கான பொதுப்பெட்டி ஒன்றை ஏற்படுத்தியபோது, அதன் விதிமுறைகளுக்கு லூதரே முன்னுரை எழுதிக்கொடுத்தார். ஆனால் யாக்கோபிடம் அவர் நியாயமாக நடந்துகொள்ளவில்லை. 1522-இல் வந்த புதிய ஏற்பாட்டு முன்னுரையில் யாக்கோபின் கடிதத்தை வைக்கோல் நிருபம் என்று எழுதினார், பிந்திய பதிப்புகளில் அந்த வரி நீக்கப்பட்டது, நீக்கப்பட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

கத்தோலிக்கத் திருச்சபையின் முறையான பதில் திரெந்துப் பொதுச்சங்கத்திலிருந்து வந்தது. சங்கம் கூடிய காலம் 1545 முதல் 1563 வரை, நீதிமானாக்கப்படுதல் பற்றிய ஆணை 1547 ஜனவரி 13-இல். லூதர் அதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே இறந்துவிட்டார். அதன் முதல் கண்டனமே, கிறிஸ்துவின் கிருபை இல்லாமல் தன் சொந்தச் செயல்களால் மனிதன் நீதிமானாகலாம் என்று சொல்கிறவனுக்கு எதிரானது. நீதிமானாக்கப்படுவதற்கு முன்னால் வரும் எதுவும், விசுவாசமானாலும் சரி கிரியையானாலும் சரி, அந்தக் கிருபைக்குத் தகுதியைச் சம்பாதித்துத் தராது என்றும் அந்த ஆணை சொல்கிறது. கத்தோலிக்கர்கள் மோட்சத்தை விலைக்கு வாங்குகிறார்கள் என்று பிரசங்கம் செய்யும் போதகர்கள் இந்த ஆணையை ஒருமுறையாவது படித்துப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

அப்படியானால் வேறுபாடு எங்கே? நான் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன சொல்லில். லூதரும், அவருக்குப் பின் அவருடைய உடன் பணியாளர் மெலாங்தனும் ஜெனீவாவின் சீர்திருத்தவாதி கால்வினும், நீதிமானாக்கப்படுதலை ஒரு தீர்ப்பாகப் பார்த்தார்கள். நீதிபதி குற்றவாளியை விடுதலை செய்கிறார், கிறிஸ்துவின் நீதி அவன் பெயரில் எண்ணப்படுகிறது, அவன் உள்ளுக்குள் இன்னும் பாவிதான், ஆனால் வழக்கு முடிந்துவிட்டது. பரிசுத்தமாக வளர்வது உடனே தொடங்கும், கட்டாயம் தொடங்கும், ஆனால் அது வேறு விஷயம், தீர்ப்பு அதைச் சார்ந்து நிற்காது. திரெந்து சொன்னது, நீதிமானாக்கப்படுதலில் மன்னிப்பும் உள்ளான புதுப்பிப்பும் சேர்ந்தே இருக்கின்றன. கடவுள் நீதிமான் என்று சொல்வதோடு நிற்பதில்லை, அன்பை உள்ளே ஊற்றி உண்மையிலேயே நீதிமானாக ஆக்குகிறார். அதனால் அந்த நிலை வளரக்கூடியது, கொடிய பாவத்தால் இழக்கக்கூடியது, கிருபையில் நின்று செய்யப்படும் நற்செயல்கள் அதை வளர்க்கின்றன. கிரியைகள் பெற்றுக்கொண்ட நீதியின் கனிகளும் அடையாளங்களும் மட்டுமே, அதை வளர்ப்பவை அல்ல என்று சொல்கிறவனை 24-ஆவது கண்டனம் தள்ளுகிறது. புராட்டஸ்டன்ட்டுகள் சொன்னது ஏறக்குறைய அதுதான்: நல்ல மரம் நல்ல கனி கொடுக்கும், கனி கொடுத்ததால் மரம் நல்லதாகவில்லை. மோதல் உண்மையானது, ஆனால் மிகக் குறுகலான இடத்தில் நடக்கிறது. 1541-இல் ரேகன்ஸ்பர்க்கில் கத்தோலிக்கத் தரப்பில் கர்தினால் கொன்டாரினி, புராட்டஸ்டன்ட் தரப்பில் மெலாங்தன், பூட்ஸர் முதலியவர்கள் கூடிப் பேசியபோது இந்த ஒரு விஷயத்தில் உடன்பாட்டு வாசகமே எழுதிவிட்டார்கள். லூதருக்கும் அது பிடிக்கவில்லை, ரோமுக்கும் பிடிக்கவில்லை, கைநழுவிப் போய்விட்டது.

புராட்டஸ்டன்ட்டுகளுக்குள்ளேயும் சண்டை ஓயவில்லை. லூதரின் நண்பராயிருந்த அக்ரிகோலா, விசுவாசிகளுக்குச் சட்டத்தைப் பிரசங்கிக்கவே தேவையில்லை என்ற அளவுக்குப் போக, லூதரே அவரை எதிர்த்து எழுதினார். பிறகு கேயோர்க் மேஜர் நற்கிரியைகள் இரட்சிப்புக்கு அவசியம் என்று சொல்ல, ஆம்ஸ்டார்ஃப் அவை இரட்சிப்புக்குத் தீங்கு என்று பதிலடி கொடுத்தார்! 1577-இல் வந்த லூதரன் உடன்படிக்கை அறிக்கை இரண்டு வாக்கியங்களையும் ஒதுக்கி, நற்கிரியைகள் அவசியம்தான், ஆனால் இரட்சிப்பைத் தரும் காரணமாக அல்ல என்று தீர்த்தது. 1937-இல் ஹிட்லரின் ஜெர்மனியில் டீட்ரிக் போன்ஹோபர் என்ற லூதரன் போதகர் 'மலிவான கிருபை' என்று ஒன்றைக் கடுமையாகச் சாடினார்: மனந்திரும்புதல் கேட்காத மன்னிப்பு, சீஷத்துவம் கேட்காத கிருபை. லூதரின் பிள்ளை ஒருவரே யாக்கோபின் குரலில் பேசியது போல அது இருந்தது. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் இந்த மேற்கத்திய வழக்குமன்ற மொழிக்குள் அவ்வளவாக வருவதில்லை; இரட்சிப்பு என்பது கடவுளின் வாழ்வில் பங்கேற்று அவரைப் போல மாறிக்கொண்டே போவது என்றும், அதில் மனிதன் கிருபையோடு ஒத்துழைக்கிறான் என்றும் அவர்கள் பேசுவார்கள்.

நம் கரைக்கும் இது சீக்கிரமே வந்து சேர்ந்தது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஒரு லூதரன், அதிலும் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் உருவானவர். உயிருள்ள விசுவாசம் பள்ளியாகவும் அநாதை இல்லமாகவும் வெளியே தெரிய வேண்டும் என்று அழுத்திச் சொன்ன இயக்கம் அது. அதே காலத்தில் தமிழகத்தில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர், தரங்கம்பாடி லூதரன்களை மறுத்து 'வேத விளக்கம்' எழுதினார். அப்படி ஐரோப்பாவின் சண்டை தமிழ் உரைநடையிலும் ஏறிக்கொண்டது.

கடந்த அறுபது ஆண்டுகளில் இரண்டு விஷயங்கள் களத்தை மாற்றியிருக்கின்றன. ஒன்று, பவுல் வாசிப்பு. பைபிள் ஆய்வாளர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1963-இல், பவுலிடம் லூதருடைய மனசாட்சிப் போராட்டத்தை நாம் ஏற்றிப் படிக்கிறோம் என்று காட்டினார். 1977-இல் இ. பி. சாண்டர்ஸ், முதல் நூற்றாண்டு யூத மதம் கிரியைகளைக் குவித்து இரட்சிப்பைச் சம்பாதிக்கும் மதமாக இருக்கவில்லை, கடவுள் கிருபையால் தேர்ந்துகொண்டார் என்பதே அதன் அடித்தளம் என்று விரிவாக எழுதினார். ஜேம்ஸ் டன், என். டி. ரைட் போன்றவர்கள் அதைத் தொடர்ந்து, பவுல் எதிர்த்த 'சட்டத்தின் கிரியைகள்' முக்கியமாக விருத்தசேதனம், உணவு விதி, ஓய்வுநாள் என யூதரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டிய அடையாளங்கள் என்றார்கள். இதை முழுதாக ஏற்காதவர்கள் நிறையப் பேர், ரோமர் 4 போன்ற இடங்களில் பவுல் அதைவிடப் பெரிதாக ஏதோ சொல்கிறார் என்பது அவர்கள் வாதம், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் யூதர்களைக் கணக்குப் பார்க்கும் மதத்தாராகச் சித்தரித்த நம்முடைய பழைய பிரசங்கங்களை இந்த ஆய்வுக்குப் பிறகு அப்படியே தொடர்வது அநியாயம்.

இரண்டாவது, 1999 அக்டோபர் 31. லூதரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் இரட்சிப்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தினால், நம்மிடமுள்ள எந்தத் தகுதியாலும் அல்லாமல், கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், தூய ஆவியார் நம்மைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கிறார் என்று இரு தரப்பும் சேர்ந்து சொன்னார்கள். அந்த அறிக்கையில் சொல்லப்பட்ட அளவில் பதினாறாம் நூற்றாண்டுக் கண்டனங்கள் மற்றவர்மேல் விழாது என்றும் அறிவித்தார்கள். 2006-இல் மெதடிஸ்டுகள் சேர்ந்துகொண்டார்கள், 2017-இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும். எல்லாரும் திருப்தியடையவில்லை; கையெழுத்துக்கு முன்பே ஜெர்மனியில் நூற்றுக்கும் மேற்பட்ட இறையியல் பேராசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், அமெரிக்காவின் மிசூரி சினட் லூதரன்கள் ஏற்கவில்லை. நற்செயலுக்குப் பரலோகப் பலன் உண்டு என்று பேசுவது எந்தப் பொருளில், இறந்தபின் ஆத்துமா தூய்மையாகும் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டா, நீதிமானாக்கப்பட்டவனைப் பாவி என்றும் அழைக்கலாமா, இரட்சிப்பை இழக்க முடியுமா என்பவை இன்னும் திறந்தே கிடக்கின்றன. கடைசிக் கேள்வியில் புராட்டஸ்டன்ட்டுகளுக்குள்ளேயே உடன்பாடு கிடையாது: கால்வின் வழி வந்தவர்கள் முடியாது என்பார்கள், வெஸ்லி வழி வந்தவர்கள் முடியும் என்பார்கள்.

என் சாய்வு எது என்று கேட்டால், கடவுள் என்னை ஏற்றுக்கொள்வாரா என்று தூக்கமில்லாமல் கிடக்கிறவருக்கு யாக்கோபு 2-ஐ எடுத்து நீட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வேலைக்காரருக்குக் கூலி கொடுக்காமல் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறவருக்கு, கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள் என்கிற எபேசியர் 2:8-ஐ நீட்டக் கூடாது என்பதிலும் அதே உறுதி. இருவருக்குமே பைபிளில் பதில் இருக்கிறது, இருவருக்கும் ஒரே வசனம் இல்லை.

நீங்களே படித்துப் பார்க்க நினைத்தால், கலாத்தியர் 2-ஐயும் ரோமர் 3, 4 அதிகாரங்களையும் முதலில் படியுங்கள், உடனே யாக்கோபு 2. இரண்டும் மோதுவது போலத் தோன்றட்டும், அவசரப்பட்டுச் சமாதானம் செய்துவைக்க வேண்டாம். பிறகு எபேசியர் 2:8, 9 வசனங்களோடு நிறுத்திக்கொள்ளாமல் பத்தாவது வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள், நற்கிரியைகளுக்காகவே நாம் படைக்கப்பட்டோம் என்று அங்கே வருகிறது, பிரசங்கங்களில் பெரும்பாலும் விட்டுப்போகிற வசனம் அது. கடைசியாகக் கலாத்தியர் 5:6, "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்." எழுதியவர் பவுல்தான்.